எதிர் ஜன்னலில் மாஞ்செடி

மூர்மன்ஸ்க்,
1984 டிசம்பர்

அன்புள்ள அர்சேனிக்கு,

ஃபாயினா எழுதுவது. இந்தக் கடிதம் வரும்போது உன் கப்பல் எந்தக் கடலில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் சுகமாக இரு. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனதில் இருப்பதைக் கீழே எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டு சிகரெட் பிடிக்க மேல்தளத்துக்குப் போகாதே, முழுவதும் படித்துவிட்டுப் போ.

சூரியன் போய்விட்டது, இனி ஜனவரியில்தான். நண்பகலில் வானம் கொஞ்ச நேரம் நீலம் காட்டுகிறது, பிறகு பழைய இருட்டு. மீன் தொழிற்சாலையில் எங்கள் கூடத்துக்கு இந்த மாதமும் வெந்நீர் இல்லை. பச்சைத் தண்ணீரில் மீன் அறுத்து அறுத்து, வீட்டுக்கு வந்தால் கோப்பையின் சூடுகூட விரலுக்குத் தெரிவதில்லை. ரோமக் கையுறை போட்ட மேலாளர் வந்து, புத்தாண்டுக்குள் இலக்கை முடிப்போம் என்று கைதட்டிவிட்டுப் போனார். ஆரஞ்சு வந்திருக்கிறது. முற்றத்துக்கு எதிரே கேப்டன்கள் குடியிருக்கும் செங்கல் கட்டடத்துக்குப் பெட்டியோடு போனது. எங்களுக்கு வரிசை கிடைத்தது.

நம்மோடு சமையலறையைப் பங்கு போடும் கப்பா அத்தைக்கு முட்டிவலி. ஆனாலும் கப்பல்களோடு பேசும் ரேடியோ அலுவலகத்தின் தரையைத் துடைக்கப் போகாமல் இருப்பதில்லை. அவள் மகன் கேஷாவின் கப்பல் எங்கே இருக்கிறது என்று சுவரைப் பார்த்துத் தனியாகப் பேசுகிறாள்.

இப்போது மாஞ்செடி. நீ மாட்டிவிட்டுப் போன ட்யூப்லைட்டின் கீழே என் முழங்கை உயரம் வந்துவிட்டது. வெப்பக் குழாயின் காற்றில் இலை நுனி கருகாமல் இருக்க, குழாய்மேல் ஈரத்துண்டு போட்டு வைக்கிறேன். போன வாரம் புதுத் தளிர் விட்டது. செம்பு நிறம். துவைத்துத் தொங்கவிட்ட துணி மாதிரி தொங்குகிறது. நீ பார்த்திருக்க வேண்டும்.

இருட்டுக் காலம் வந்தால் எந்த வீட்டு ஜன்னலில் என்ன வளர்கிறது என்பது தெருவுக்கே தெரியும். நீயும் நானும் நடந்து போகும்போது எண்ணுவோமே, பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டு எலுமிச்சை, பல் டாக்டரின் பேரீச்சை, மூலைவீட்டுக்காரர்கள் பத்து வருஷமாகப் பழம் எதிர்பார்க்கும் காப்பிச்செடி என்று. நம் வீட்டில் மட்டும்தான் மா. இந்த ஊர்க் கடையில் மாம்பழத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் புது விளக்கு ஒன்று எரிந்தது. அதன் கீழே ஒரு செடி, நீண்டு தொங்கும் இலைகளோடு. கேஷாவின் தொலைநோக்கியைக் கப்பா அத்தையிடம் கேட்டேன். "எதுக்குடி, எவ வீட்டுல என்ன கொதிக்குதுன்னு பாக்கவா?" என்றாள். செடி பார்க்க என்றேன். "அது கண்ணாடி உடைஞ்சு கெடக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு என்னோடு மீன் அறுக்கும் நினெலிடம் வாங்கிப் பார்த்தேன்.

மா. நம்முடையதைப் போலவே. அதே உயரம், அதே செம்புத் தளிர்.

யாருடைய ஜன்னல் என்று சொல்லவா? ரிம்மா. ரேடியோ அலுவலகத்தில் நம் தந்திகளை எல்லாம் வாங்கிப் படித்து அனுப்பும் ரிம்மா பாவ்லவ்னா. கேப்டனாக இருந்த அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருப்பவள்.

ஆப்பிரிக்காவில் கொனாக்ரி துறைமுகத்தில் ஆறு மாம்பழம் வாங்கினேன், ஐந்து வழியில் அழுகிவிட்டது, ஒன்றை மட்டும் கம்பளிக் காலுறையில் சுற்றிக் காப்பாற்றினேன் என்று நீதானே சொன்னாய்? அந்த ஒன்றைக் குளியல் தொட்டிமேல் குனிந்து, இரண்டு பேரும் மாறி மாறிக் கடித்துத் தின்றோம். அந்த ஊரில் இது தெருவோரக் குப்பைமேட்டில் தானாக முளைக்கிறது என்று சொல்லிக்கொண்டே, கொட்டையை நீதான் தொட்டியில் நட்டாய். அழுகியது ஐந்தா, நாலா?

இதைத் தந்தியில் கேட்டிருந்தால் இரண்டு நாளில் பதில் வந்திருக்கும். தந்தியை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். உங்கள் மீனை ஏற்றிவர நாளை கிளம்பும் குளிர்பதனக் கப்பலில் போகிறது. பதிலையும் கடிதமாகவே எழுது. இதைப் பற்றித் தந்தி வந்தால் அது அவள் சொல்லிக்கொடுத்தது என்றே எடுத்துக்கொள்வேன்.

கம்பளி பனியனைப் போட்டுக்கொள். வெயில் என்றாலும் இரவுக்காற்று ஆகாது.

இப்படிக்கு,
இன்னும் உன் மனைவியான
ஃபாயினா


மூர்மன்ஸ்க்,
1985 ஜனவரி

அர்சேனிக்கு,

பதில் வரவில்லை. முதல் கடிதம் உன்னை இன்னும் எட்டியிருக்காது என்று அறிவு சொல்கிறது. எட்டியிருக்கும், ஆள் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று மனம் சொல்கிறது. புத்தாண்டுக்கு உன் தந்தி வந்தது. "நலம். வாழ்த்து. முத்தம்." நினெலுக்கு அவள் புருஷனிடமிருந்து வந்ததும் அதேதான், வரிசைகூட மாறவில்லை.

நான் ரிம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

சும்மா போகவில்லை. மீன் ஈரல் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, செடிக்குப் பூச்சி மருந்து கேட்கிற மாதிரி போனேன். உள்ளே வரச் சொன்னாள். வீடு வெதுவெதுப்பாக இருந்தது. நம் குழாயில் வராத சூடெல்லாம் எங்கே போகிறது என்று அங்கேதான் தெரிந்தது. செடி ஜன்னலில் இருந்தது. அழகான மண்தொட்டி. தண்டு அடியில் ஒரு பக்கமாக வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"திருடின செடி" என்றாள், சிரிக்காமல். "ஒரு கோபெக் காசு குடுத்தேன், நன்றி சொல்லல. செடி வாங்குற முறை உனக்குத் தெரியாதா? திருடினாத்தான் பிடிக்கும், நன்றி சொன்னா செத்துடும். யார் குடுத்தாங்கன்னு சொன்னாலும் அதேதான்."

நமக்கெல்லாம் தெரிந்த முறைதான். என் அம்மாகூட அண்டைவீட்டுச் செடியின் கிளையைக் கிள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவாள். ஆனால் ஒருத்தி எதையாவது மறைக்க வேண்டுமென்றால் இதைவிட வசதியான முறை கிடைக்குமா?

என் புருஷன் குடுத்தானா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவள் ஏதோ புரிந்துவிட்ட மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உன் கப்பல் மெக்கானிக்க வச்சுகிட்டு நான் என்ன பண்ண? அவன் எழுதுறத எல்லாம் நான்தானே படிக்கிறேன். அந்த மூணு வார்த்தைக்கு ஒருத்தி மயங்குவாளா? நீயே எப்படி மயங்கினேன்னுதான் எனக்கு ஆச்சரியம்."

அப்படியானால் கொடுத்தது யார் என்றேன். "அது சொல்ல மாட்டேன். ஈரல் டப்பாவை எடுத்துட்டுப் போ" என்றாள்.

குற்றம் இல்லாதவள் பெயரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? உதட்டை ஏன் கடிக்க வேண்டும்?

தொழிற்சாலையில் நினெல் என்னை விடவில்லை. "கட்சிக் குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடு. அடுத்த தடவை வெளிநாட்டுத் துறைமுகத்துல அவன் கால் வைக்க முடியாது. அனுமதிய புடுங்கிடுவாங்க. அப்புறம் மாம்பழமாவது மண்ணாங்கட்டியாவது" என்றாள். இப்படி எழுதிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். புருஷன் வீட்டோடு வந்து உட்கார்ந்து குடித்தே தீர்ந்தான். நம் படுக்கை விஷயத்தைக் கையுறைக்காரர்கள் மேசை போட்டு விசாரிக்க நான் விடமாட்டேன். உன்மேல் கருணை என்று நினைக்காதே, அவர்கள்மேல் வெறுப்பு.

கப்பா அத்தையின் நடவடிக்கையும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் உன்னைத் திட்டி அழுதால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுகிறாள். முந்தாநாள் என் தட்டில் தானாக முட்டைக்கோஸ் அடைத்துச் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு வைத்தாள். அவள் யாருக்கும் எதையும் தானாக வைப்பவளில்லை. அவள் துடைப்பது ரிம்மாவின் அறைத் தரையை. உனக்கும் அவளுக்கும் நடுவில் சேதி கொண்டுபோனது யார் என்று எனக்கு இப்போது ஒரு கணக்கு இருக்கிறது.

ரேடியோ அலுவலகத்தில் தந்தி கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே ஒரு சிவப்புப் பலகை தொங்குமே, "மாலுமியின் மனைவிக்குக் காத்திருக்கத் தெரியும்" என்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் கல்லெறியத் தோன்றுகிறது. வருஷத்தில் பாதி நாள் புருஷன் இல்லை. மீதி நாளில் பாதி அவன் தூக்கம். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் காத்திருக்க மட்டும்தானா?

எனக்குத் தெரியாது, அர்சேனி. தெற்கே வரோனெஷில் இருக்கும் அக்கா வரச் சொல்கிறாள். அங்கே பால் பண்ணையில் வேலை இருக்கிறது, சூரியனும் இருக்கிறது. மார்ச் மாதம் உன் கப்பல் வரும்போது நான் துறைமுகத்தில் நிற்க மாட்டேன். மற்ற பெண்கள் எல்லாம் நிற்பார்கள். உன்னைப் பார்த்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். சாவி கப்பா அத்தையிடம் இருக்கும். அவளிடம்தான் எல்லா விஷயமும் இருக்கிறதே.

மாஞ்செடியைக் குப்பை வாளியில் போடப் போகிறேன். குப்பைமேட்டில் முளைப்பதுதானே.

ஃபாயினா


மூர்மன்ஸ்க்,
1985 பிப்ரவரி

அன்பு அர்சேனி,

உறைமேல் சிவப்புப் பென்சிலால் "இதை முதலில் திற" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். மற்ற இரண்டும் பிரிக்காமல் இருந்தால் அப்படியே கடலில் போடு. பிரித்துவிட்டாய் என்றால் இதை நிதானமாகப் படி.

இரண்டாம் கடிதத்தைத் தபால் மூட்டையில் போட்டுவிட்டு வந்த அன்றே செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்கினேன். மண்ணோடு வரவில்லை, மண் உதிர்ந்து வேர் மட்டும் வந்தது. வேரின் தலையில் அந்தப் பழைய கொட்டை ஓடு, நாராக. வாளிக்குமேல் கொண்டுபோய்விட்டேன். அப்போது ஓட்டில் பச்சையாக ஏதோ தெரிந்தது. புழு என்று நினைத்தேன்.

நூல். வலை பின்னுகிற பச்சை நைலான் நூல். ஓட்டை ஒரு பக்கம் கத்தியால் நேராக அறுத்து, மறுபடி மூடி, நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே விரலை விட்டேன். ஒரு பாதியில் நம் செடியின் வேர். மறுபாதி காலி, சுத்தமாக வழித்தெடுத்த மாதிரி.

முடிச்சைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அர்சேனி. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. இந்த வீட்டில் அந்த முடிச்சைப் போடும் கை ஒன்றுதான் இருக்கிறது. துறைமுகத்தில் ஆயுசு முழுக்க வலை பழுது பார்த்த கை. நம் சமையலறைத் திரையைக்கூட அவள் அந்த முடிச்சில்தான் தொங்கவிட்டிருக்கிறாள்.

வேரோடு செடியைப் பிடித்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன். கப்பா அத்தை செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "முதல்ல அத மண்ணுல வை, பாவி. அப்புறம் என்னை அடி" என்றாள்.

வைத்துவிட்டு வந்தேன். சொன்னாள்.

கோடையில் நாம் இரண்டு பேரும் சரதோவுக்கு உன் அண்ணன் வீட்டுக்கு விடுமுறை போனோமே, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அவளிடம் சொல்லிவிட்டு. போகும்போது வெறும் மண். நாம் போன பிறகு முளை வந்திருக்கிறது. ஒன்று அல்ல, இரண்டு. ஒரே கொட்டையில் இரண்டு தண்டு, முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு. சில மாங்கொட்டை அப்படித்தான் விடுமாம், எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கும் தெரியாது. அவள் கண்டதெல்லாம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்பதுதான். ஓட்டை அறுத்து, ஒன்றை வேரோடு பிரித்தெடுத்து, மற்றதைக் கட்டி வைத்துவிட்டாள். நாம் வந்து பார்த்தபோது ஒன்றுதான் நின்றது. "பாரு, முளைச்சிருக்கு" என்று நம்மிடமே காட்டினாள். நீ அவளைத் தூக்கிச் சுற்றினாய், ஞாபகமிருக்கிறதா?

எடுத்ததை ரிம்மாவுக்குக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டேன். போன வசந்தத்தில் புயலில் கேஷாவின் கப்பலிலிருந்து ரேடியோச் சேதி வராமல் போன அந்த நாட்களைச் சொன்னாள். பெண்கள் எல்லாம் ரேடியோ அலுவலகத்தின் படியில் பனியில் நின்றோம். கதவைத் திறக்கவில்லை, மேலிடத்து உத்தரவு. உள்ளே வேலை செய்கிறவள் என்றாலும் கப்பாவையும் அன்று உள்ளே விடவில்லை. "தரை துடைக்க மட்டும் நான் வேணும். மகன் உயிரோட இருக்கானான்னு கேட்டா, போய் வரிசையில நில்லுன்னான் வாசக் காவக்காரன். நான் என்ன பண்ணட்டும்? எங்கிட்ட குடுக்க என்ன இருக்கு? அவ செடிப் பைத்தியம். இன்னொரு தடவை அப்படி ஆனா எங்காதுல ஒரு வார்த்தை போடுவாள்னு குடுத்தேன்."

ஒரு தாய் தன் பிள்ளையின் உயிர்ச்சேதிக்காக மாஞ்செடி திருட வேண்டியிருக்கிறது இந்த ஊரில். பலகையில் அதை எழுதித் தொங்கவிடட்டும்.

ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ரெண்டு மாசமா நான் சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்து கத்துறது உன் காதுல விழலையா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன என்று கேட்டேன். "சொன்னா ரெண்டு செடியும் செத்துடுமே" என்றாள். நான் முறைத்தேன். "திருடின்னு பேர் வேணுமா எனக்கு? அந்த வேலையும் போயிடும்" என்றாள். பிறகு முட்டியைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நாலு நாள் திட்டுவே, அப்புறம் விட்டுடுவேன்னு நெனச்சேன் ஃபாயா. புருஷன் மேல உனக்கு இவ்வளவுதான் நம்பிக்கைன்னு நான் கண்டேனா?"

அடுப்பில் இருந்த அவளுடைய கஞ்சி தீய்ந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

இரண்டு கடிதமும் கடலில் போய்க்கொண்டிருந்தன. அவற்றை முந்த ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் ரேடியோ அலுவலகத்துக்குப் போனேன். வரிசை பெரிது. நினெலும் நின்றாள். அந்தப் பலகைக்குக் கீழே, அந்த ஜன்னலில், ரிம்மாவிடம் தாளை நீட்டினேன். விதிப்படி சத்தமாகப் படித்தாள்: "மூன்று கடிதம் வரும். சிவப்பு எழுத்துள்ளதை முதலில் படி. ஒரே கொட்டையில் இரண்டு முளை. துறைமுகத்தில் நிற்பேன். ஃபாயினா."

"என்னடி இது, விதைக் கம்பெனிக்குத் தந்தியா?" என்று நினெல் பின்னாலிருந்து கேட்டாள். ரிம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "முத்தம் போடலையா? எல்லாரும் போடுவாங்க" என்று என்னிடம் கேட்டாள். போடுங்கள் என்றேன். பென்சிலால் எழுதிக்கொண்டாள். கப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் என் பழியை வாங்கிக்கொண்டவள். நன்றி சொல்ல என் வாய் தானாகத் திறந்தது.

"சொல்லாதே, செத்துடும்" என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள், ரிம்மா அனுப்பவே இல்லையோ என்று தோன்றுகிறது. மறுநாள், அனுப்பினாள், ஆனால் கடிதங்கள் அதற்கு முன்பே உன் கையில் கிடைத்துவிட்டன என்று தோன்றுகிறது. தெற்கே ஆட்கள் கப்பல் மாறும் துறைமுகத்தில், வீட்டுக்குத் திரும்ப மனமில்லாதவர்கள் இன்னொரு பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினெல் சொல்கிறாள். உன் கப்பலில் இரண்டு பேர் போட்டுவிட்டார்களாம். பெயர் தெரியவில்லை என்கிறாள். தெரிந்தும் மறைக்கிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

செடியின் நிலைமையை உள்ளபடி சொல்கிறேன். இலை எல்லாம் கொட்டிவிட்டது. நிற்பது ஒரு குச்சி. கப்பா அத்தை தினமும் வந்து நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்து, "உள்ள பச்சை இருக்கு" என்கிறாள். நானும் கீறிப் பார்த்தேன். எனக்குப் பச்சை மாதிரியும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது. எதிர் ஜன்னலில் ரிம்மாவின் செடி இன்னொரு தளிர் விட்டிருக்கிறது.

சூரியன் திரும்பி வந்து மலைமேல் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. ஆனாலும் ட்யூப்லைட்டை நான் அணைப்பதில்லை. உன் கப்பல் வளைகுடாவுக்குள் திரும்பும்போது மேல்தளத்துக்கு வந்து குன்றுப் பக்கம் பார். நாலாம் மாடி, இடது ஓரம், வெள்ளை வெளிச்சம். குச்சியை அங்கிருந்து உனக்குத் தெரியாது, விளக்கு தெரியும். அது தெரிகிற நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன், கீழே துறைமுகத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பழம் எதுவும் வாங்க வேண்டாம், நீ வா.

உன்
ஃபாயினா